நிலமும் பொழுதும் பிள்ளைப்பருவமும்: ஜோன் கிளெயரின் படைப்பூற்றுக்கள் பற்றிய ஒரு நோக்கு

1

கலைஞனுடைய படைப்பெண்ணங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்னும் வினாவிற்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. பிள்ளைப்பருவத்தின் களங்கமற்ற அனுபவங்களும், மாறிமாறி வரும் பருவங்களின் எழிலும் கலைஞனின் உள்ளத்தைத் தூண்டி, அவனிடத்தே கற்பனையை ஊற்றெடுக்கச் செய்கின்றன என்பது முதலாவது விடை. இயற்கையையும் இளம்பருவத்தையும் பாடுவது சமூக முரண்பாடுகளுக்கு முகங்கொடுக்க மறுப்பவரின் புகலிடமே என்பது இரண்டாவது விடை. முன்னையது மனோரதியக் கலைக் கொள்கையின் வழிவந்தது; பின்னையது முற்போக்கு விமர்சனத்தின் பெயரால் அவ்வப்போது எழும் அவசரத் தீர்ப்பு. ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றும் இவ்விரு விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே. பருவங்களும் பிள்ளைப்பருவமும் சமூகத்திற்கு வெளியே நிற்பவை என இரண்டும் கருதுகின்றன. அவ்வாறு நிற்பதனாலேயே அவை தூயவை என்கிறது ஒன்று. அதனாலேயே அவை பயனற்றவை என்கிறது மற்றையது.

இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு ஆங்கிலக் கவிஞரான ஜோன் கிளெயரின் (1793 - 1864) வாழ்வும் எழுத்தும் மிகப் பொருத்தமானவை. பருவங்களையும் பிள்ளைப்பருவத்தையும் அவரளவு நுணுக்கமாகப் பாடிய ஆங்கிலக் கவிஞர் வேறொருவரைக் காண்டல் அரிது. அதே வேளை, ஆங்கிலக் கிராமத்தின் உற்பத்தி உறவுகள் மாறியதை உழைப்பாளியாக நின்று கண்டு கவிதையாக்கியவரும் அவரே. இவ்விரண்டும் ஒருவரிடத்தே தற்செயலாகச் சேர்ந்த பண்புகளல்ல. ஒன்றிலிருந்தே மற்றொன்று முகிழ்த்தது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கிளெயர் 1793ஆம் ஆண்டு யூலை 13ஆந் திகதி ஹெல்ப்ஸ்ரன் என்னும் கிராமத்திற் பிறந்தார். அது அக்காலத்தில் நோர்த்தாம்ப்ரன்ஷயரைச் சார்ந்திருந்தது. தந்தை கூலிக்குச் சூடடிக்கும் உழைப்பாளி. நாட்டார் கதைப்பாடல்கள் பலவற்றை மனனமாகப் பாடவல்லவர். தாயார் எழுத்தறியாதவர். கோடையிற் கிடைக்கும் வேலை பலவகைப்பட்டது. மாரியிலோ களஞ்சியத்துள் நின்று கதிர்களைத் தடியால் அடித்து மணி பிரிப்பதே பிழைப்பு. சிறுவனின் கைக்கேற்ற சிறிய தடியொன்றைத் தந்தை செய்து கொடுத்து, அவனையும் களஞ்சியத்திற்கு அழைத்துச் சென்றார். ஆண்டிற் சில மாதங்கள் மட்டுமே பாடசாலை. அதுவும் ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுடன் முடிந்தது.

பருவம் என்பது இச்சிறுவனுக்கு எவ்வாறு அறிமுகமாயிற்று என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். சன்னலூடாகக் காணும் காட்சியாகப் பருவம் அவனுக்கு வாய்க்கவில்லை. உழவுக்கும் விதைப்புக்கும், ஆட்டுமயிர் கத்தரிப்புக்கும் வைக்கோல் உலர்த்தலுக்கும், அறுவடைக்கும் கதிர் பொறுக்கலுக்கும் சூடடிப்புக்கும் உரிய காலங்களாகவே ஆண்டு பகுக்கப்பட்டிருந்தது. மாடும் ஆடும் மேய்ப்பதும், பயிரிற் படியும் பறவைகளைக் கலைப்பதும் பிள்ளைகளின் வேலை. பருவத்தின் மாற்றம் வேலையின் மாற்றம். வேலையின் மாற்றம் உணவின் மாற்றம். குளிர் என்பது முதலில் உடலாற் பட்டறிந்த ஒன்று. பின்னரே அது அழகுப்பொருளாயிற்று.

ஆயினும் இவ்வுழைப்பு வெறுந் துன்பமாக மட்டும் இருந்ததில்லை. மேய்ச்சல் நிலத்திற் கழித்த நீண்ட பகல்களே பறவைக் கூடுகளையும், அவற்றிலுள்ள முட்டைகளின் நிறங்களையும், புற்களுக்கிடையே மலரும் சிறு பூக்களையும் அவனுக்குக் கற்பித்தன. ஊர் மாடுகளை மேய்த்த மூதாட்டியொருத்தி பழம் பாடல்களைக் கற்பித்தாள். மாரி இரவுகளில் அடுப்பங்கரையிலே தாயும் அயலவரும் சொன்ன பேய்க்கதைகள் அச்சத்தையும் வியப்பையும் ஒருங்கே ஊட்டின. பிற்காலத்தில், தம் மாவட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் பற்றிய அவதானிப்புக்களைக் கிளெயர் விட்டுச் சென்றார். இயற்கை வரலாற்றாய்வாளர் இன்றும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். இத்துல்லியத்திற்கு அடித்தளம் பிள்ளைப்பருவத்து மேய்ச்சல் வெளியே. நிலத்திற்கு மிக அண்மையில், குனிந்தும் ஊர்ந்தும் பார்க்கும் பிள்ளையின் பார்வை அவரது கவிதையில் இறுதிவரை மாறவில்லை. மேட்டில் நின்று நிலத்தை ஒரு முழுக்காட்சியாக நோக்கும் கனவானின் பார்வை அவருடையதன்று.

3

கிளெயரின் முதற் கவிதை முயற்சி தோன்றிய சூழல் சிந்திக்கத்தக்கது. அவருக்குப் பதின்மூன்று வயதளவில், நெசவாளி இளைஞனொருவன் ஜேம்ஸ் தொம்சனின் ‘பருவங்கள்’ என்னும் காவியத்தின் சிதைந்த பிரதியொன்றைக் காட்டினான். 1730ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த இந்நூல் பதினெட்டாம் நூற்றாண்டின் படித்த வர்க்கத்தினர் பெரிதும் விரும்பிப் படித்த ஒன்று. தந்தையிடம் காசு கேட்டுப் பெற்று, அயல் நகரான ஸ்ராம்போட்டிற்கு நடந்து சென்று சிறுவன் அந்நூலை வாங்கினான். திரும்பும் வழியில் அதனைப் படிக்கும் ஆவல் மேலிட்டது. வேலைநாளொன்றில் உழைப்பாளியின் பிள்ளை புத்தகமும் கையுமாக இருப்பதைப் பிறர் காண்பதற்கு அவன் கூசினான். எனவே, பேர்லி மாளிகைப் பூங்காவின் மதிலேறிக் குதித்து, உள்ளே மறைவாக அமர்ந்து படித்தான். அவ்விடத்திலேயே தன் கவிதை முயற்சியொன்றையும் மனத்துள் இயற்றினான்.

பருவங்களைப் பற்றிய நூலொன்றைப் படிப்பதற்கு, பருவங்களுக்குள்ளேயே உழைத்து வாழ்ந்த பிள்ளை பிரபுவொருவரின் மதிலைத் தாண்ட வேண்டியிருந்தது. இந்நிகழ்ச்சி கிளெயரின் வாழ்வு முழுவதற்கும் முன்னுரைபோல அமைந்துவிடுகிறது. அனுபவம் அவரிடம் இருந்தது. அவ்வனுபவத்தை இலக்கியமாகக் கொள்ளலாம் என்னும் அங்கீகாரம் பிறர் கையில் இருந்தது. தொம்சனின் நூல் அவருக்குப் பொருளைத் தரவில்லை. தம்மிடமுள்ள பொருள் கவிதைக்குரியது என்னும் துணிவையே தந்தது. பின்னர் அவர் கிடைத்த தாள்துண்டுகளில் எழுதிச் சுவரின் துவாரமொன்றில் ஒளித்து வைத்தார். அவற்றை எழுத்துப் பயிற்சித் தாள்களென எண்ணிய தாயார் வீட்டுத் தேவைகளுக்கு எடுத்துப் பயன்படுத்தினார். தம் பாடல்களைப் பிறர் எழுதியவையெனச் சொல்லிப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டி, அவர்களது சிரிப்பிலிருந்தும் முகக்குறிப்பிலிருந்தும் குறைகளைத் தெரிந்து திருத்திக்கொண்டார் என்பதும் அவரது தன்வரலாற்றுக் குறிப்புக்களால் அறியப்படுகின்றது. அவரது முதல் விமர்சகர்கள் உழைப்பாளிகளே.

4

இவ்வுலகம் கிளெயரின் இளம்பருவத்திலேயே கலைக்கப்பட்டது. அதனை விளங்கிக்கொள்வதற்கு நில அடைப்பு என்னும் வரலாற்று நிகழ்வினைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம்.

ஹெல்ப்ஸ்ரன் திறந்த வயல் முறைக்கு உட்பட்ட கிராமம். ஊரைச் சூழ்ந்த பெருவயல்களிற் பலருடைய கீற்று நிலங்கள் வேலியின்றி அடுத்தடுத்துக் கிடந்தன. எவ்வயலிற் கோதுமை, எவ்வயலில் இளவேனிற் பயிர், எவ்வயல் தரிசு என்பது ஊர்ப் பொது ஒழுங்கு. அறுவடைக்குப் பின்னர் வயல்கள் கால்நடைக்குத் திறந்துவிடப்படும். இவற்றிற்கப்பால் பற்றைவெளிகளும் பொது மேய்ச்சல் நிலங்களும் இருந்தன. அங்கு நிலமற்றவனுக்கும் ஒரு பசுவை மேய்க்கவும், விறகு பொறுக்கவும் வழக்காற்றுரிமை இருந்தது. அன்றேல், அவ்வாறு செய்வதைத் தடுப்பார் இல்லை. 1604ஆம் ஆண்டிற்கும் 1914ஆம் ஆண்டிற்குமிடையில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் 5,200இற்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது நாட்டின் பரப்பில் ஐந்திலொன்றுக்குச் சற்று மேற்பட்ட நிலம், இவற்றால் தனியார் உடைமையாக வேலியிடப்பட்டது. ஹெல்ப்ஸ்ரனையும் அயற்கிராமங்களையும் பற்றிய சட்டம் 1809இல் நிறைவேறியது. இறுதித் தீர்ப்பு 1820இல் வெளியாயிற்று. பழைய பாதைகள் மூடப்பட்டன, மரங்கள் வீழ்த்தப்பட்டன, ஓடைகள் நேராக்கப்பட்டன. வேலி நடும் வேலைக்குக் கூலியாளாகச் சென்றவர்களுள் கிளெயரும் ஒருவர். தமது உலகைத் தமக்கே அடைக்கும் வேலியைத் தம் கையாலேயே நட்டவர் அவர்.

சட்டம் நிறைவேறியபோது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினாறு. இங்கேதான் சிக்கலான வினா எழுகின்றது. பிள்ளைப்பருவம் முடிவுற்றதும் பொதுநிலம் மறைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. அவ்வாறாயின், அவரது கவிதை எதனை இழந்து வருந்துகின்றது? எல்லா மனிதருக்கும் பொதுவான இளமையின் மறைவையா, அல்லது குறிப்பிட்ட வர்க்கத்தினர் இயற்றிய சட்டத்தின் விளைவையா? அவரது துயர் வெறும் நனவிடை தோய்தலே என்றும், வளர்ந்த மனிதன் எவனும் தன் ஊரைப்பற்றி இவ்வாறே பேசுவான் என்றும் ஒருவர் வாதிடலாம். திறந்த வயற் கிராமமும் சமத்துவப் பூமியாக இருந்ததில்லை. கிளெயரின் தந்தையே நோயுற்றபின் கோவிற்பற்று ஏழைநிதியில் தங்கி வாழ்ந்தவர். அடைப்பினால் விளைச்சல் பெருகியது என்று கூறும் பொருளியல் வரலாற்றாசிரியரும் உளர். வேலியிடும் வேலை சிறிது காலத்திற்குக் கூலி தந்ததும் உண்மை. எனவே, கிளெயரின் பிள்ளைப்பருவ நினைவினை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் தவறாகும். கடந்த காலத்தின் பொற்கிராமம் ஒவ்வொரு தலைமுறையினராலும் பின்னோக்கித் தள்ளப்படும் ஒரு கற்பிதமே என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளிவந்த ‘நாடும் நகரமும்’ என்னும் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். அந்நூலிலேயே அவர் கிளெயரைப் பரிவுடனும் கூர்மையுடனும் ஆராய்வது கவனித்தற்குரியது.

ஆயினும், இவ்வாதத்திற்கான மறுமொழி கிளெயரின் கவிதையின் அமைப்பிலேயே உள்ளது. பருவம் மீண்டும் வருவது. பிள்ளைப்பருவம் மீண்டும் வராதது. அது இயற்கையின் நியதி. மூடப்பட்ட பாதையும் மீண்டும் வராதது. ஆனால் அது இயற்கையின் நியதியன்று, மனிதர் எழுதிய சட்டம். இம்மூன்று காலங்களும் அவரது கவிதையில் ஒன்றோடொன்று உராய்கின்றன. ஆண்டுதோறும் மே மாதம் திரும்பி வருகின்றது. அதே பூ மலர்கின்றது. ஆனால் மே விழாவின் ஆட்டமும் பாட்டும் திரும்பவில்லை. மீண்டுவரும் ஒன்று இருந்தாற்றான், மீளாத ஒன்றின் இழப்பைத் துல்லியமாக அளக்க முடியும். பருவச் சுழற்சி கிளெயருக்கு அளவுகோலாயிற்று. அவ்வளவுகோலைக்கொண்டே சமூக மாற்றத்தை அவர் அளந்தார். பருவங்கள் கலைஞனின் படைப்பெண்ணத்தைத் தூண்டுகின்றன என்னும் பழைய கூற்று இங்கே உறுதியான பொருளைப் பெறுகின்றது.

5

1827ஆம் ஆண்டு வெளிவந்த ‘இடையனின் நாட்காட்டி’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பன்னிரு மாதங்களுக்கும் பன்னிரு பகுதிகளாக அமைந்த இந்நூலில் பருவவருணனையும் தொழில்வருணனையும் பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ளன. சனவரிப் பகுதி மாரிக்கால வேலைகளிலிருந்து குடிசையின் இரவுக்குச் செல்கிறது. அங்கே அடுப்பங்கரைக் கதைகளைக் கேட்ட பிள்ளையின் அச்சம் கலந்த இன்பத்தை நினைந்து, அறிவு வளர்ந்தபின் அவ்வியப்பு கைநழுவியதைக் கவிஞர் எண்ணுகிறார். யூன் பகுதியில் ஆட்டுமயிர் கத்தரிப்பு விருந்து இடம்பெறுகிறது. எசமானும் ஆட்களும் ஒருங்கிருந்து மகிழ்ந்த காலம் மறைந்து, பெருமிதம் இருவரையும் பிரித்துவிட்டதை அவர் சுட்டுகிறார். ஓகஸ்ற் பகுதியில், தாயின் பக்கத்திலே வெயிலிற் குனிந்து சோர்ந்த கையுடன் வேலை செய்யும் ஏழைப் பிள்ளையைக் காண்கிறோம். பிள்ளைப்பருவத்தைப் போற்றும் கவிஞரே பிள்ளையின் உழைப்பையும் மறைக்காது காட்டுகிறார். மனோரதியக் கவிஞர் பலரிடம் காணவியலாத யதார்த்தம் இது.

இந்நூல் வெளிவந்த முறையும் சிந்தனைக்குரியது. வெளியீட்டாளரான ஜோன் ரெய்லர் கையெழுத்துப் பிரதியை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்; யூலைப் பகுதியை முற்றாக மாற்றி எழுதுவித்தார்; வட்டார வழக்குச் சொற்களைக் களைந்தார். இதற்கு முன்னரே, 1820இல் வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்ற முதற்றொகுதியில் செல்வரைக் கண்டிக்கும் சில அடிகளை நீக்கவேண்டுமெனப் புரவலரான ராட்ஸ்ரொக் பிரபு வற்புறுத்தினார். பிந்திய பதிப்பில் அவை நீக்கப்பட்டன. ‘குடியானவக் கவிஞன்’ எனப் புகழ்ந்த வாசகர் உலகம், குடியானவனின் கண்ணை விரும்பியது; அவன் நாவை விரும்பவில்லை. பூக்களை அவன் வருணிக்கலாம். அப்பூக்கள் நின்ற நிலம் யாருடையது என்று கேட்கலாகாது. கிளெயரின் கையெழுத்து மூலத்தைத் தழுவிய ‘இடையனின் நாட்காட்டி’ 1964ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது. அவர் இறந்து சரியாக நூறாண்டுகளின் பின்னரே அவருடைய சொற்களில் அவரது ஆண்டை உலகம் படிக்க முடிந்தது. நிறுத்தக்குறிகளற்று ஓடும் அவரது வாக்கியங்களும், ஊர்ச்சொற்களும் கல்விக்குறையின் அடையாளங்கள் அல்ல, பிள்ளைப்பருவத்திற் கேட்ட மொழியின் ஓசையே என்பது அதன் பின்னரே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

6

பிள்ளைப்பருவ அனுபவமொன்று எவ்வாறு பல்லாண்டுகளின் பின் படைப்பெண்ணமாக உருப்பெறுகின்றது என்பதற்கு மற்றுமொரு சான்றினை நோக்கலாம். சிறு பிள்ளையாக இருக்கையில், வானம் தரையைத் தொடும் இடத்தில் உலகின் விளிம்பு இருக்கிறதென நம்பி, அதனைக் காண்பதற்காகக் கிளெயர் ஒருநாள் பற்றைவெளியூடாக நெடுந்தூரம் நடந்து சென்றார். பழகிய பூக்களும் பறவைகளும் மறைந்த இடத்தில், சூரியனே புதியதொன்றாக, வானத்தின் வேறொரு திசையில் நின்று ஒளிர்வதுபோலத் தோன்றியது எனத் தம் குறிப்புக்களில் எழுதியுள்ளார். 1832ஆம் ஆண்டு, வறுமையும் பெருங்குடும்பமும் நெருக்க, புரவலர் ஏற்பாடு செய்த குடிசையொன்றிற் குடியேறுவதற்காக மூன்று மைல் தொலைவிலுள்ள நோர்த்பரோவுக்குப் பெயர்ந்தார். அப்பெயர்வைப் பாடிய கவிதையில், சூரியனே வழிதவறி நிற்பதாகக் கூறுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பிள்ளை கண்ட திசைமயக்கமே முதிர்ந்த கவிஞரின் படிமமாகியுள்ளது.

மூன்று மைல் தொலைவு ஒருவனைப் பிறநாட்டானாக்குமா என வியப்போர் உளர். ஜோன் பாரல் என்னும் ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் தருகிறார். திறந்த வயற் கிராமத்தினன் ஊரை நடுவாகக்கொண்டு வட்டமாக நிலத்தை உணர்ந்தான். அடைப்போ நிலத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் நேர்ப்பாதைகளாக மாற்றியது என்பது அவர் கருத்து. கிளெயரின் அறிவு முழுவதும் அவ்வட்டத்தினுள் விளைந்தது. வட்டம் உடைந்தபோது பருவங்களும் அவருக்கு அந்நியமாயின. நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருளெனக் கண்ட நம் பொருளிலக்கண மரபை அறிந்தோருக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. பொழுது தனியே வருவதில்லை. அது ஒரு நிலத்தின்மீதே வருகின்றது. நிலத்தை இழந்தவனுக்குக் கார்காலமும் நாட்காட்டியில் எழுதிய பெயராகவே எஞ்சும்.

1837இல் கிளெயர் எசெக்ஸிலுள்ள எப்பிங் காட்டையடுத்த மனநோய் இல்லமொன்றிற் சேர்க்கப்பட்டார். 1841 யூலையில் அங்கிருந்து வெளியேறி, ஏறத்தாழ எண்பது மைலை நான்கு நாட்களில் கால்நடையாகக் கடந்து, பசிக்கு வழியோரப் புல்லைத் தின்று வீடு சேர்ந்தார். தம் பள்ளிப்பருவத்துத் தோழியான மேரி ஜொய்ஸிடம் திரும்புவதாகவே அவர் நம்பினார். அவளோ 1838இலேயே இறந்துவிட்டாள். 1841இன் இறுதியில் நோர்த்தாம்ப்ரன் மனநோய் இல்லத்திற் சேர்க்கப்பட்ட அவர், 1864இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்து நூற்றுக்கணக்கான கவிதைகளை இயற்றினார். இம்முடிவுக்கு நில அடைப்பே காரணமெனக் கூறுதல் மிகையாகும். ஒரு மனிதனின் நோய்க்குக் காரணங்கள் பல. ஆனால், நோயுற்ற மனமும் நடந்து சென்ற திசை எது என்பது தெளிவு. அது பிள்ளைப்பருவத்தின் நிலத்தை நோக்கிய திசை.

7

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பிள்ளைப்பருவமும் பருவமாற்றமும் கிளெயரிடம் மூன்று வகையாகத் தொழிற்பட்டமை புலனாகும். முதலாவதாக, உழைப்பினூடாகப் பெற்ற புலனறிவாக அவை அவரது கவிதைக்குப் பொருளைத் தந்தன. இரண்டாவதாக, மீண்டும் மீண்டும் நிகழும் சுழற்சியாக அவை வடிவத்தைத் தந்தன. மூன்றாவதாக, அச்சுழற்சி அறுக்கப்பட்டபோது நினைவு கண்டனமாக மாறி, கவிதைக்கு நோக்கினைத் தந்தது. பொதுநிலமாயிருந்த பழைய கற்குழியொன்று, கோவிற்பற்றின் ஏழையாக நின்று தன் துயரைத் தானே உரைப்பதாக அவர் இயற்றிய கவிதை இம்மூன்றும் இணைந்த உச்சம். நிலத்தையே பேசவைத்த அத்துணிவு, அந்நிலத்தில் விளையாடிய பிள்ளைக்கே இயலும். அடைப்பின்போது வீதிக்குக் கல் எடுப்பதற்கென ஒதுக்கப்பட்ட அக்குழி இன்று இயற்கைக் காப்பிடமாகப் பேணப்படுவதும் குறிப்பிடத்தக்கது.

இயற்கையைப் பாடுவோரைத் தப்பியோடுவோரெனத் தள்ளுவது எளிது. இளமை நினைவுகளைத் தூய ஊற்றெனத் துதிப்பது அதனினும் எளிது. விமர்சகன் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு: இக்கலைஞனுக்கு இப்பருவம் எவ்வேலையின் காலமாக இருந்தது? அவன் விளையாடிய நிலம் யாருக்கு உரியதாயிருந்தது? பின்னர் யாருக்கு உரியதாயிற்று? மீண்டுவரும் எதனைக் கொண்டு மீளாத எதனை அவன் அளக்கிறான்? இவ்வினாக்களை எழுப்புமிடத்து, பூவொன்றைப் பற்றிய சிறு பாடலிலும் ஒரு சமூகத்தின் வரலாறு மறைந்திருக்கக் காணலாம். அவ்வரலாற்றைக் கண்டபின்னரும் அப்பூவின் அழகு குறைவதில்லை.